தகட்டு மூலைகள்: மடிப்பும் நறுக்கும்

ஓர் உலோகத் தகட்டை ஒரே நேர்கோட்டில் மடிப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. பட்டடையின் ஓரத்தில் கோடு விலகாதபடி தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொட்டாப்புளியால் சிறிது சிறிதாகத் தட்டி இறக்கினால், புதிதாகத் தொழில் பழகுகிறவனும் ஒழுங்கான மடிப்பு ஒன்றைச் செய்துவிடுவான். அந்த மடிப்புக்குக் குறுக்கே இரண்டாவது மடிப்பு ஒன்று வந்து, இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்க நேரும்போதுதான் தொழிலின் உண்மையான பரீட்சை தொடங்குகிறது. தட்டு, பெட்டி, தண்ணீர்த் தொட்டி, பீரோவின் கதவு, கூரையின் ஓரத் தகடு, மின்சாரக் கருவிகளின் உறை, ஆகாய விமானத்தின் உள்விலா என எதை எடுத்துக்கொண்டாலும், அதன் ஆயுளையும் அழகையும் நிர்ணயிப்பதில் நீண்ட பக்கங்களைவிட அந்தச் சிறு மூலைகளுக்கே பங்கு அதிகம். ஒழுகுவது மூலையில், துருப்பிடிக்கத் தொடங்குவது மூலையில், விரிசல் காண்பது மூலையில், கையைக் கிழிப்பதும் மூலையே. ஆகவே மூலையை எவ்வாறு உருவாக்குவது, அதில் எதை எவ்வளவு நறுக்குவது என்ற விஷயத்தைத் தொழிலாளியின் கைப்பழக்கத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், ஆற அமர ஆராய்ந்து பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

சிக்கலின் வேர் கணிதத்தில் இருக்கிறது. சமதளத் தகட்டில் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும் அதைச் சுற்றி 360 பாகை அளவு தகடு உண்டு. பெட்டியின் அடி மூலையிலோ, அடிப்பாகம் ஒன்றும் பக்கச் சுவர்கள் இரண்டுமாக மூன்று செங்கோணங்களே கூடுகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை 270 பாகை. எஞ்சிய 90 பாகைத் தகட்டுக்கு அங்கே இடமில்லை. ஜெர்மானியக் கணித மேதை கௌஸ் 1827-ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய சித்தாந்தம் ஒன்று இதைப் பொதுவாகவே நிறுவுகிறது: நீட்டாமலும் சுருக்காமலும் ஒரு பரப்பை எவ்வளவு வளைத்தாலும் அதற்கே உரிய உள்வளைவு மாறுவதில்லை. அதனால்தான் சமதளத் தகட்டிலிருந்து உருளையும் கூம்பும் தடையின்றிப் பிறக்கின்றன. கோளமும் பெட்டி மூலையும் அவ்வாறு பிறப்பதில்லை. மிகுந்து நிற்கும் அந்தக் கால்பங்குத் தகட்டை என்ன செய்வது என்பதே நம் முன்னுள்ள கேள்வி. அதை வெட்டி எறியலாம், மடித்து ஒதுக்கலாம், அடித்தோ அழுத்தியோ சுருக்கி உலோகத்துக்குள்ளேயே செலுத்திவிடலாம். நான்காவது உபாயம் கிடையாது. ட்ரங்குப் பெட்டிகளின் மூலைகளில் அறைந்திருக்கும் கிண்ண வடிவச் சிறு தகடுகள்கூட, வெட்டப்பட்ட மூலையை மறைத்துக் காக்கும் கவசங்களேயன்றித் தனி வழியாக மாட்டா.

வெட்டும் முறை யாவரும் அறிந்தது. நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு சதுரத்தை நறுக்கி எடுத்துவிட்டு, நான்கு சுவர்களையும் நிமிர்த்தினால் தட்டு ஆகிவிடுகிறது. பார்வைக்கு இவ்வளவு எளிதாக இருக்கும் இந்தக் காரியத்தில் மூன்று நுட்பங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, அளவு. மடிப்பின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது, இடையில் நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் படலம் ஒன்று தகட்டுக் கனத்தின் சரிபாதியில் இல்லாமல் சற்று உட்புறம் தள்ளி அமைகிறது. 1 மி.மீ. கனமுள்ள தகட்டை 1 மி.மீ. உள் ஆரத்தில் செங்கோணமாக மடிப்பதாகக் கொள்வோம். அந்தப் படலம் உட்பரப்பிலிருந்து கனத்தின் 0.42 பங்கில் இருப்பதாக எடுத்துக்கொண்டால், வளைவு விழுங்கும் நீளம் 2.23 மி.மீ. வெளியளவுகளைக் கூட்டிக் கணக்கிடுகிறவர் அந்த இடத்துக்கு 4 மி.மீ. ஒதுக்கியிருப்பார், ஆகவே ஒவ்வொரு மடிப்புக்கும் 1.77 மி.மீ. கழித்துக்கொள்ள வேண்டும். 200 மி.மீ. நீளமும் 25 மி.மீ. உயரமும் உள்ள தட்டுக்கு, 250 மி.மீ. தகடு தேவை என்று தோன்றினாலும், உண்மையில் வேண்டியது சுமார் 246.5 மி.மீ. தான். மூலையில் நறுக்கும் சதுரத்தின் பக்கமும் இந்தக் கணக்கையே பின்பற்றுகிறது. இதைப் பொருட்படுத்தாமல் 25 மி.மீ. சதுரத்தைக் குறித்து வெட்டிவிட்டு, சுவர்கள் ஏன் உயரம் மிஞ்சி நிற்கின்றன, மூலை ஏன் வாய் பிளந்து நிற்கிறது என்று பின்னால் அரத்தையும் சுத்தியலையும் தேடுவது பல பட்டறைகளில் நாள்தோறும் நடக்கும் காரியம்.

இரண்டாவது, எந்தச் சுவர் எதன்மேல் முடிகிறது என்ற தீர்மானம். இரண்டு சுவர்களும் உள்விளிம்போடு உள்விளிம்பு தொடுமாறு நின்றால், வெளியே தகட்டின் கன அளவுக்கு ஒரு சதுரப் பள்ளம் மூலை நெடுகிலும் கிடைக்கும். வெல்டிங் உலோகம் தங்குவதற்கு அது நல்ல இடம். ஒரு சுவர் முழு நீளமாகச் சென்று மற்றதன் வெட்டு முனையை மூடுமானால், வெளித்தோற்றம் நேர்த்தியாக இருக்கும். ஆனால் மூடப்படும் சுவர் ஒவ்வொரு முனையிலும் ஒரு கனம் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் குறைப்பை அடையாளமிடும்போதே செய்யாதவர், மடித்த பின்பு இரண்டாவது சுவரை நிமிர்த்த முடியாமல் திண்டாடுவார். உள்நோக்கி இன்னொரு மடிப்பு உள்ள சுவர்களில், பீரோக் கதவின் ஓரத்தில் இருப்பதுபோல, அந்த உள்மடிப்பின் முனைகளை 45 பாகையில் சரிவாக நறுக்கி, ஒன்றோடொன்று மோதாமல் மயிரிழை இடைவெளியும் விட வேண்டும். அந்த இடைவெளி பிறகு வெல்டிங்காலும், சாணை பிடிப்பதாலும், மக்கு, பெயின்ட் ஆகியவற்றாலும் மறைந்துவிடுகிறது. மறைவதனாலேயே அதை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம் என்ற எண்ணம் பரவியிருப்பது வருந்தத்தக்கது. மக்கின் அடியில் திறந்துகிடக்கும் மூலை, ஈரக்காற்று வீசும் ஊர்களில், பெயின்டை உப்பவைத்துக்கொண்டு தன்னை வெளிப்படுத்தியே தீரும்.

மூன்றாவது நுட்பம் சதுரத்தின் உள்முனையில் இருக்கிறது. இரண்டு மடிப்புக் கோடுகளும் சந்திக்கும் அந்த ஒரு புள்ளியில், இரண்டு திசைகளில் இழுபடும் உலோகத்துக்கு நழுவ இடமின்றிப் போகிறது. கத்திரியின் கூரிய வெட்டு அங்கே வந்து முடிந்தால், விரிசலுக்கு வாசல் திறந்துவிட்டதாகவே பொருள். ஆகவே அந்தச் சந்திப்பில் முதலில் ஒரு துளையிட்டு, வெட்டுக்கோட்டைத் துளையின் வளைந்த விளிம்பில் கொண்டுபோய் முடிப்பது வழக்கம். ஆகாய விமானத் தகட்டு வேலையில் இது வெறும் வழக்கமாக நின்றுவிடாமல் விதியாகவே ஆகியிருக்கிறது: 1.6 மி.மீ. கனம்வரை உள்ள அலுமினியக் கலவைத் தகட்டில் அந்தத் துளையின் விட்டம் 3.2 மி.மீ.க்குக் குறையக்கூடாது, சுமார் 1.8 முதல் 3.25 மி.மீ. வரை கனமுள்ளவற்றில் 4.8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஆயிரக்கணக்கான முறை அதிரும் ஓர் அங்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல்கூடக் காலப்போக்கில் நீண்டு விபரீதமாகும் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த விதி அது. ஆனால் அதே துளை தண்ணீர்த் தட்டின் அடியில் இருந்தால் தட்டு ஒழுகும்! விமானத்துக்கு உயிர் காக்கும் துளை தொட்டிக்கு ஊனமாகிறது. மூலைக்குப் பொது விதி ஒன்றைத் தேடுகிறவர்கள் இந்த ஒரு முரணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பண்டத்தின் பயனை அறியாமல் மூலையின் லட்சணத்தைத் தீர்மானிக்க இயலாது.

இனி மடித்து ஒதுக்கும் முறைக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில் தகட்டுத் தொழிலின் அறிவு முழுவதும் திரண்டு நிற்பது இந்த ஒரு முறையில்தான். இதில் மூலைச் சதுரம் வெட்டப்படுவதில்லை. மளிகைக்கடைக்காரர் காகிதப் பொட்டலத்தின் மூலையை இரு விரல்களால் கிள்ளி இழுத்து ஒருபுறம் படியவைப்பதுபோல, சதுரத்தை மூலைவிட்டத்தில் இரண்டாக மடித்து, அந்த முக்கோணக் காதை ஏதேனும் ஒரு சுவரோடு சேர்த்துப் படியவைத்துவிடுகிறார்கள். தகடு எங்கும் அறுபடாமல் ஒரே துண்டாக இருப்பதால், பற்றவைப்பு ஒரு சொட்டுகூட இல்லாமலே அந்த மூலை தண்ணீரைத் தாங்கும்.

சுவர்கள் செங்குத்தாக நிற்கும் தட்டில் இந்தக் காதுக்கு நறுக்கே தேவைப்படாது என்பது ஆச்சரியமான உண்மை. சதுரத்தின் பக்கம் சுவரின் உயரத்துக்குச் சமமாக இருப்பதால், மடிந்த காதின் மேல் ஓரம் சுவரின் மேல் ஓரத்தோடு ஒரே மட்டத்தில் அமைந்துவிடுகிறது. ஆனால் சமையலறையிலும் ரொட்டிக் கடையிலும் பயன்படும் தட்டுகள் பெரும்பாலும் வெளிநோக்கிச் சாய்ந்த சுவர்களை உடையவை. அங்கேதான் கணக்கு மாறுகிறது. சுவரின் சாய்வுயரம் 50 மி.மீ. என்றும், ஒவ்வொரு சுவரும் 10 மி.மீ. வெளியே சாய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சுவர்கள் சந்திக்கும் கோடு இப்போது தகட்டின் விரிப்பில் மூலையை நோக்கிச் சற்றுச் சாய்ந்து கிடக்கிறது. அதன்மேல் காதைத் திருப்பும்போது, காதின் ஓரம் சுவரின் ஓரத்திலிருந்து சுமார் 22.6 பாகை மேல்நோக்கிக் கிளம்பி, அதன் நுனி விளிம்புக்கு மேலே 15 மி.மீ.க்குச் சற்று அதிகமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை நறுக்காமல் விளிம்பை மடிக்க முடியாது. விட்டுவைத்தாலோ கையைக் கிழிக்கும்.

கடைத்தெருவில் பழைய 15 கிலோ எண்ணெய் டின்களைப் பிரித்துத் தட்டும் முறமும் செய்கிற தகர வேலைக்காரர் ஒருவர் இதைச் செய்யும் விதத்தை அருகே நின்று கவனித்திருக்கிறேன். விரித்த தகட்டில் ஆணி நுனியால் அடிக்கோடுகளைக் கீறிய பின், சுவர்கள் சந்திக்கவேண்டிய இரண்டு சாய்கோடுகளையும் மூலைவிட்டத்தையும் கீறினார். பிறகு கவராயத்தை எடுத்து, சுவரின் ஓரம் சாய்கோட்டோடு எந்தக் கோணத்தில் சந்திக்கிறதோ அதே கோணத்தைச் சாய்கோட்டின் மறுபுறத்திலும் அமைத்து, அந்தப் புதிய கோடு மூலைவிட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். இரண்டு பக்கங்களிலிருந்தும் அந்தப் புள்ளிக்குக் கத்திரி சென்றது. மூலையிலிருந்து அம்புமுனை போன்ற சிறு துண்டு ஒன்று கழன்று விழுந்தது. மேலே சொன்ன அளவுள்ள தட்டானால், அந்தப் புள்ளி தகட்டின் முனையிலிருந்து மூலைவிட்டத்தின் வழியே 16.6 மி.மீ. உள்ளே அமையும். பின்னர் சுவர்களை நிமிர்த்திக் காதைப் படியவைத்தபோது, அதன் ஓரம் சுவரின் ஓரத்தோடு இழை பிசகாமல் பொருந்தியது. தாளில் எழுதிக் கணக்குப் போடும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆனால் அவர் செய்தது பிரதிபலிப்பு என்னும் கணிதப் பிரயோகமேயன்றி வேறன்று. மடித்த பிறகு துருத்துவதைக் கத்திரியால் கடித்தெடுக்கிறவரின் தட்டில் காது ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு விதமாக இருப்பதையும், மூன்று அடுக்குத் தகட்டை ஒரே கடியில் வெட்ட முயன்ற கத்திரியின் பல் அடையாளம் சுவரில் பதிந்திருப்பதையும் காணலாம். மூலையின் நறுக்கு அடையாளமிடும் பலகையிலேயே முடிந்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

காது படிந்த இடத்தில் சுவரும் காதின் இரண்டு மடிப்பும் சேர்ந்து மூன்று கனம் ஆகிறது. விளிம்பில் கம்பி வைத்துச் சுருட்டும் வழக்கமுள்ள தட்டுகளில் இந்தக் கனம் பெருந்தொல்லை. கம்பியைச் சுற்றிவர அதன் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு தகடு ஒதுக்குவது மரபு, 3 மி.மீ. கம்பிக்கு 7.5 மி.மீ. ஆகும். அந்த ஒதுக்கீட்டைச் சுவர்களில் மட்டும் விட்டுவிட்டுக் காதின் தலையில் முழுவதும் நறுக்கிவிட்டால், காது கம்பிச் சுருளுக்குக் கீழே அடங்கிக் கிடக்கும். கம்பியோ ஒரே கனத் தகட்டுக்குள் தடையின்றி மூலையைத் திரும்பிச் செல்லும். கம்பியின் இரு முனைகளும் சேரும் இடம் மூலையில் வராமல் நீண்ட பக்கத்தின் நடுவில் வருமாறு பார்த்துக்கொள்வது நல்ல தொழிலாளியின் அடையாளம். காதின் கூரிய நுனியைச் சற்று மழுக்கி, ஒரே ஒரு தறையாணியால் சுவரோடு இணைத்துவிட்டால், பல்லாண்டு உழைக்கும் மூலை கிடைக்கும்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு; அதை மறைப்பது நியாயமாகாது. காதை வெளிப்புறமாகப் படியவைத்தால், அதன் இரண்டு மடிப்புகளுக்கும் நடுவிலுள்ள குறுகிய பை பாத்திரத்தின் உட்புறத்தை நோக்கித் திறந்திருக்கும். தண்ணீர் ஒழுகாது, ஆனால் மாவும் எண்ணெயும் பாலும் அந்தப் பையில் புகுந்து தங்கும், எவ்வளவு தேய்த்தாலும் வெளிவரா. உட்புறமாகப் படியவைத்தாலோ, காதுக்கும் சுவருக்கும் இடையே வேறொரு சந்து உண்டாகிறது. ஆகையால் சூளையில் வறளும் ரொட்டித் தட்டுக்கு மடித்த காது பொருந்தலாம். பால் பாத்திரத்துக்கும் மருத்துவமனைத் தட்டுக்கும் அது பொருந்தாது. கூரைத் தகட்டில் இந்தத் தீங்கு இல்லை. செம்பிலும் துத்தநாகத்திலும் கூரை வேயும் ஐரோப்பிய மரபில், புகைபோக்கியின் அடியிலும் வடிகாலின் முனையிலும் தகட்டை அறுக்காமல் இத்தகைய காதுகளாலேயே திருப்புகிறார்கள். காதின் வாய் மழைக்கு எதிர்ப்புறம் நோக்குமாறு திருப்புவதில் மட்டும் அவர்கள் மிகுந்த சிரத்தை காட்டுகிறார்கள்.

வெட்டுவதா, மடிப்பதா என்ற விவாதத்தில் உலோகத்தின் பூச்சுக்கும் ஒரு குரல் உண்டு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் ஓரம் வெட்டுப்பட்டு இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைச் சில காலம் காக்கிறது. வெள்ளீயம் பூசிய தகரத்தில் நிலைமை நேர்மாறானது: வெளிக்காற்றில் வெள்ளீயப் பூச்சு இரும்பைக் காக்காமல் அதன் அழிவைத் துரிதப்படுத்துகிறது, ஆகவே வெட்டிய ஓரமும் கீறலும் விரைவில் துருவேறும். தகரப் பாத்திரத்தின் மூலையை நறுக்கினால் அந்த ஓரத்தை மடித்து மறைக்கவோ பற்றாசால் மூடவோ வேண்டும் என்ற பழைய பழக்கத்துக்கு இதுவே காரணம். அன்றியும், ஜி.ஐ. மூலையை வெல்டிங் செய்யும்போது, இரும்பு உருகும் 1538 பாகை செல்சியஸை எட்டுவதற்கு வெகு முன்பே, 907 பாகையிலேயே துத்தநாகம் ஆவியாகிப் போய்விடுகிறது. காப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் காப்பு அழிகிறது. வெண்புகையைச் சுவாசித்த தொழிலாளிக்கு அன்றிரவு குளிர்காய்ச்சல் காண்கிறது. மெல்லிய ஜி.ஐ. தகட்டில் வெல்டிங்கைத் தவிர்த்து, மடித்த காதையோ மடிப்புப் பூட்டையோ கையாள வேண்டும் என்று நான் கருதுவதற்கு இந்த ஒரு காரணமே போதும். பற்றவைப்பதானால், ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த பற்றாசு 190 பாகைக்குள்ளாகவே உருகிவிடுவதால் பூச்சுக்குப் பங்கம் வராது; பற்றவைக்கப் பயன்படுத்திய அமிலத்தைக் கழுவாமல் விட்டால் மட்டும் அதுவே அரிக்கத் தொடங்கும்.

சிறு நறுக்கு ஒன்று பெரும் தொழிலையே தாங்கியதற்கு உணவு டின் சிறந்த உதாரணம். பீட்டர் டுராண்டுக்கு 1810-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை வழங்கப்பட்ட காலந்தொட்டு நெடுங்காலம் டின்கள் கையாலேயே செய்யப்பட்டன. பிற்காலத்தில் மூடியையும் உடலையும் ஒன்றுக்குள் ஒன்றாக இருமுறை மடித்து இறுக்கும் முறை வந்தபோது ஓர் இடையூறு எழுந்தது. உடலின் பக்க இணைப்பில் இரண்டு ஓரங்களும் கொக்கிபோல் மாட்டிக்கொண்டிருந்ததால் அங்கே நான்கு கனம் தகடு; அதன்மேல் மூடியின் மடிப்பும் வந்து விழுந்தால் இறுக்கம் கிடைக்குமா? உடல் தகட்டின் மூலைகளைச் சிறிதளவு நறுக்கி, இணைப்பின் இரு கோடிகளிலும் கொக்கி இல்லாமல் வெறுமனே ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு செய்து, நான்கு கனத்தை இரண்டாகக் குறைத்தார்கள். விரல் நகத்தளவுகூட இல்லாத அந்த நறுக்கு இல்லாவிட்டால் மூடியின் ஓரத்தில் காற்றுப் புகுந்து உள்ளே உள்ளது கெட்டுப்போயிருக்கும்.

மூன்றாவது வழியான சுருக்குதலில், மிகுதியான தகடு எங்கும் போவதில்லை. அது கனமாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. ஈயத் தகட்டால் கூரை வேயும் ஆங்கிலேயத் தொழிலாளர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். மென்மையான அந்த உலோகத்தை மரக் கருவிகளால் தட்டித் தட்டி, மூலையின் மிகுதியை மேல்நோக்கி ஓட்டிச் சென்று, கடைசியில் விளிம்பில் சேர்ந்ததை மட்டும் நறுக்கிவிடுகிறார்கள். நடுவில் அவசரப்பட்டு ஒரு சுருக்கத்தை மடிந்துவிழ விட்டால் ஈயம் அங்கே பிளந்துவிடும். எஃகில் இதே காரியத்தை யந்திரம் செய்கிறது. எவர்சில்வர் கழுவு தொட்டியை அச்சில் அழுத்தி இழுக்கும்போது, மூலையின் தகடு சுருக்கம் விழாதபடி ஒரு வளையத்தால் அழுத்திப் பிடிக்கப்பட்டு, உள்ளே வழிந்து செல்கிறது. மூலையின் சுமையைக் குறைப்பதற்காகத் தகட்டின் நான்கு முனைகளையும் முன்கூட்டியே சரிவாக நறுக்கிவிடுவது உண்டு. ஆயினும் உருட்டாலையில் தகடு உருண்ட திசைக்கு ஏற்ப அது வெவ்வேறு அளவில் நீள்வதால், வெளிவரும் விளிம்பு மேடுபள்ளமாகவே இருக்கும். அங்கே மட்டும் கடைசி நறுக்கு தவிர்க்க முடியாதது. அதற்கெனத் தனி அச்சும் விளிம்பில் உபரித் தகடும் தொடக்கத்திலேயே ஒதுக்கப்படுகின்றன.

இதுவரை மிகுதியைப் பற்றியே பேசினோம். தகடு போதாமல் போகும் மூலைகளும் உண்டு. தகட்டின் நடுவில் ஜன்னல் போன்ற ஒரு திறப்பை வெட்டி, அதன் ஓரங்களை எழுப்பி மடிக்கும்போது, மூலையில் உலோகம் நீள வேண்டியிருக்கிறது. 40 மி.மீ. ஆரமுள்ள வளைவில் 10 மி.மீ. ஓரத்தை எழுப்பினால், 30 மி.மீ. ஆரத்தில் இருந்த விளிம்பு 40-க்கு நீள்கிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிறது. நல்ல மென் எஃகு இதை ஒருவாறு தாங்கும்; கடினமான அலுமினியக் கலவை தாங்காமல் கிழியும். ஆரத்தைப் பெரிதாக்குவது, ஓரத்தைக் குறுக்குவது, அல்லது மூலையில் ஒரு பிளவை வெட்டி அதன் அடியில் துளையிடுவது ஆகியவையே பரிகாரங்கள். கூர்மூலையில் ஓரத்தை அறுக்காமல் எழுப்பச் சொல்லும் வரைபடத்தைப் பார்த்தால், வரைந்தவர் தகட்டைக் கையால் தொட்டதில்லை என்று துணிந்து கூறலாம்.

கருவிகள் மாறிவிட்டன. விரல்களைப்போல் தனித்தனியே கழற்றி மாட்டும் தாடைகளை உடைய பெட்டி மடிப்பு யந்திரத்தில், முதலில் எழுப்பிய இரு சுவர்கள் தாடைகளின் இடைவெளியில் நுழைந்துகொள்ள, மற்ற இரண்டையும் மடித்துவிட முடிகிறது. பிரஸ் பிரேக் என்னும் மடிப்பு யந்திரத்தில், தகட்டின் கனத்தைப் போல் எட்டு மடங்கு அகலமுள்ள அச்சு வாயைத் தேர்ந்தெடுத்தால், மென் எஃகில் உள் ஆரம் அந்த அகலத்தில் சுமார் ஆறில் ஒரு பங்காகத் தானே அமைகிறது. லேசர் வெட்டு வந்தபிறகு மூலையில் எந்த வடிவத்தையும் நினைத்தபடி நறுக்கலாம். அதனால் மூலை மேம்பட்டிருக்கிறதா என்றால், பாதி அளவுக்கே ஆம் என்பேன். கணினியில் வரைகிறவருக்கு மூலையின் துளை வட்டமா சதுரமா என்று மென்பொருளே ஒன்றைத் தேர்ந்து தந்துவிடுகிறது. பெரும்பாலோர் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். நீர் நிற்கும் தட்டுக்கும், அதிரும் அங்கத்துக்கும், சுவரில் மாட்டும் உறைக்கும் ஒரே துளை போய்ச் சேருகிறது. மடித்த காது என்ற உபாயம் ஒன்று உண்டு என்பதே இளம் வரைவாளர் பலருக்குத் தெரியாமல் போயிற்று. நம் நாட்டில் 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் தொழிற்பயிற்சி நிலையங்களில் தகட்டு வேலை இன்றும் கற்பிக்கப்படுகிறது. அங்கே மாணவன் தன் கையால் சாய்சுவர்த் தட்டு ஒன்றுக்குக் காது நறுக்கிப் பழகுவது, பின்னாளில் அவன் லேசர் யந்திரத்தின் முன் நின்றாலும் வீண்போகாது.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். கத்திரியோ அச்சோ விட்டுச்சென்ற பிசிர், மடிப்பின் உட்புறம் வருமாறு தகட்டை வைக்க வேண்டும். வெளிப்புறம் வந்தால் இழுபடும் பரப்பில் ஒவ்வொரு பிசிரும் ஒரு விரிசலுக்கு விதையாகும். அடுத்து, பெட்டியின் மடிப்புகள் இரண்டு திசைகளில் ஓடுவதால், அவற்றில் பாதி தகடு உருண்ட திசைக்கு இணையாக அமைந்தே தீரும். அந்தத் திசையில் மடிப்பு எளிதில் வெடிக்கும். கடினமான பித்தளையிலும் அலுமினியத்திலும் தகட்டை 45 பாகை திருப்பி அடையாளமிட்டால் இரண்டு திசைகளுக்கும் சமநீதி கிடைக்கும். தகடு சற்று வீணாகும், ஆனால் மூலை பிழைக்கும்.

இவ்வளவையும் பட்டறைக்காரர் ஊகித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்து, வரைபடத்தில் மூலையை மூடுக என்று ஒரே வரி எழுதி அனுப்புவது இன்றைய வழக்கமாகிவிட்டது. எந்தச் சுவர் முழு நீளம், இடைவெளி எவ்வளவு, சந்திப்பில் துளை உண்டா, பிசிர் எந்தப் புறம், காது வைப்பதானால் அது எந்தச் சுவரின்மேல் படிய வேண்டும், அதன் தலையில் எவ்வளவு நறுக்க வேண்டும் என்பனவெல்லாம் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். கூரைத் தகடானால் மழை அடிக்கும் திசையையும் ஓர் அம்புக்குறியால் காட்டிவிட வேண்டும். ஏணிமேல் நின்று காதைத் திருப்புகிறவர் அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவுசெய்ய முடியும்.